அடியே விழாத வீரன்: டி அண்ட் டி சண்டையில் தற்காப்புத் திறன்கள் தகராறு செய்யும்போது

இது டிஎம்-க்கான குறிப்பு. அதாவது, மேசையில் ஆட்டத்தை நடத்துபவருக்கு. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளை அடிப்படையாக வைத்திருக்கிறோம். 2024-ல் மாறிய இடங்களை அங்கங்கே சொல்கிறோம். கையில் புத்தகம் இல்லாதவர்கள் எஸ்ஆர்டி 5.1 என்ற அடிப்படை விதித்தொகுப்பை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். 2023 ஜனவரியிலிருந்து அது கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கிடைக்கிறது. இங்கே வரும் கோப்ளின், ஓகர், ஓநாய் ஆகிய எதிரிகள் எல்லாம் அதிலேயே இருக்கின்றன.

தற்காப்பு வலுவாக இருக்கிறதே என்று பதறி, முதல் வேலையாக ஏசியை (ஆர்மர் கிளாஸ்: அடி படுவதற்கு, 20 பக்கப் பகடையான டி20-யும் எதிரியின் கூட்டலும் சேர்ந்து எட்ட வேண்டிய எண்) குறைக்காதீர்கள். கேடயத்தோடு முன்னால் நிற்கும் பாத்திரத்தை ஒருவர் ஆசைப்பட்டு உருவாக்கியிருக்கிறார். அவருக்கு வேண்டியதே அடி வந்து கேடயத்தில் மோதித் திரும்பும் அந்த நொடிதான். ஆட்டத்தைக் கெடுப்பது செலவே இல்லாத தற்காப்பு. ஸ்பெல் ஸ்லாட் (மந்திரம் போடச் செலவாகும் வாய்ப்பு), ரியாக்‌ஷன் (அடுத்தவர் முறையில் செய்யும் எதிர்வினை), நிற்கும் இடம் என்ற மூன்றில் ஏதாவது ஒன்று கரைந்துகொண்டே இருந்தால், அந்தத் தற்காப்பு எவ்வளவு பலமாக இருந்தாலும் மேசை தாங்கும். கீழே வரும் ஒவ்வொரு பழுதையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறோம்.

## தொடுவதற்கு முன் ஒரு கணக்கு

எதிரியின் தாக்குதல் கூட்டலோடு 21-ஐக் கூட்டுங்கள். வீரனின் ஏசியைக் கழியுங்கள். மிச்சத்தை 20-ஆல் வகுங்கள். அடி விழும் வாய்ப்பு அதுதான். பகடையில் 1 விழுந்தால் எப்போதும் தவறும், 20 விழுந்தால் எப்போதும் படும் என்பதால் இந்த வாய்ப்பு 5 சதவீதத்துக்குக் கீழே போகாது, 95-க்கு மேலே ஏறாது.

கோப்ளினின் கூட்டல் +4, சராசரிச் சேதம் 5. ஏசி 16 உள்ளவரை அது 45 சதவீதம் அடிக்கும். ஏசி 18 என்றால் 35, 20 என்றால் 25, 21 என்றால் 20. ஏசி 24-க்கு மேல் எல்லோருக்கும் ஒரே கதி, வெறும் 5 சதவீதம்தான்.

இந்த வரிசையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஏசி 16-லிருந்து 17-க்குப் போனால் விழும் அடிகளில் ஒன்பதில் ஒரு பங்கு குறைகிறது. 20-லிருந்து 21-க்குப் போனால் ஐந்தில் ஒரு பங்கு. 23-லிருந்து 24-க்குப் போனால் சரிபாதி! கூடியது ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு புள்ளிதான், ஆனால் மேலே போகப் போக அதன் மதிப்பு ஏறுகிறது. “+1 கேடயம்தானே, கொடுத்துட்டுப் போவோம்” என்று கொடுத்த பிறகு சண்டையே சப்பென்று போவதற்குக் காரணம் இதுதான். முன்வரிசை வீரனுக்கு மந்திரக் கவசம் தருவதாக இருந்தால், ஏசி கூட்டுவதை விட நெருப்பு எதிர்ப்பு போன்ற ஒன்றைக் கொடுங்கள். அவருக்கும் மகிழ்ச்சி, உங்கள் கணக்கும் கெடாது.

இன்னொன்று, டிஸ்அட்வான்டேஜ், அதாவது டி20-ஐ இரண்டு தடவை உருட்டிச் சின்ன எண்ணை எடுப்பது. வாய்ப்பை அதனாலேயே பெருக்கினால் போதும். 50 சதவீதம் 25 ஆகிவிடும், கிட்டத்தட்ட ஏசியில் 5 புள்ளி கூடியதற்குச் சமம். 20 சதவீதம் 4 ஆகும், அது ஏறக்குறைய 3 புள்ளி. ஆக, டிஸ்அட்வான்டேஜ் அதிகம் உதவுவது நடுத்தர ஏசி உள்ளவருக்கு.

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு துண்டுத்தாளில் ஏசி, டெக்ஸ் (சுறுசுறுப்பு), கான் (உடல் உறுதி), விஸ் (விஸ்டம், விவேகம்) சேவ்கள், அதாவது மந்திரம் போன்றவற்றிலிருந்து தப்ப உருட்டும் வீச்சுகள், பிறகு “எத்தனை ரவுண்டு (எல்லோரும் ஒரு முறை ஆடும் சுற்று) தாங்குவார்” என்ற எண், இவற்றை எழுதி வையுங்கள். கடைசி எண்தான் முக்கியம். மொத்த ஹெச்பியை (உயிர்ப்புள்ளி), ஒரு ரவுண்டில் எதிர்பார்க்கும் சேதத்தால் வகுத்தால் அது கிடைக்கும்.

## “இவர் மேல மட்டும் எதுவுமே பட மாட்டேங்குதே!”

அதிகம் கேட்கும் புகார் இது. காரணங்கள் மூன்று. முதலாவதைப் பார்க்காமல் இரண்டாவதுக்குத் தாவாதீர்கள்.

விதியைத் தப்பாகப் படித்திருக்கிறீர்களா? மந்திரமும் தெரிந்த போர்வீரரான ஐந்தாம் லெவல் எல்ட்ரிச் நைட் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பிளேட் கவசம் 18, கேடயம் 2, டிஃபென்ஸ் சண்டைமுறை 1, மொத்தம் 21. ரியாக்‌ஷனாக ஷீல்டு மந்திரம் போட்டால், தன் அடுத்த டர்ன் (முறை) வரும்வரை +5 சேர்ந்து 26. இதில் தப்பு நடக்கும் இடம் கைகள். ஷீல்டு மந்திரத்துக்கு உச்சரிப்பும் கைச்சைகையும் வேண்டும். ஒரு கையில் வாள், மறு கையில் கேடயம் என்றால் சைகைக்குக் கை ஏது? வார் காஸ்டர் ஃபீட் (கூடுதலாக எடுக்கும் சிறப்புத் திறன்) எடுத்திருந்தால் பிரச்சினை இல்லை. எடுக்கவில்லை என்றால், எதிரியின் டர்னில் வாளை உறையில் செருக முடியாது என்பதால் மந்திரமே போட முடியாது. கேடயத்தில் தெய்வச் சின்னம் பொறித்திருக்கிறதே என்று சிலர் வாதிடுவார்கள். அந்தச் சலுகை பொருள் தேவைப்படும் மந்திரங்களுக்கு மட்டும். ஷீல்டு மந்திரத்துக்குப் பொருளே தேவையில்லை, ஆகவே சலுகையும் இல்லை.

இதே வரிசையில் பார்க்க வேண்டியவை இன்னும் சில உண்டு. ஒரே பெயர் கொண்ட இரண்டு மந்திரங்களின் பலன் கூடாது. ஷீல்டு ஆஃப் ஃபெய்த்தை இரண்டு பேர் போட்டாலும் +2 மட்டும்தான். மேஜ் ஆர்மர் தரும் 13 + டெக்ஸ், மூர்க்க வீரரான பார்பேரியனின் கவசமில்லாத் தற்காப்பு ஆகியவை தனித்தனிச் சூத்திரங்கள். இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கலாம், ஒன்றின் மேல் ஒன்றை அடுக்க முடியாது. ரியாக்‌ஷன் ஒரு ரவுண்டுக்கு ஒன்றே ஒன்று. ஷீல்டு போட்டவர், தன் அடுத்த டர்ன் வரும்வரை தப்பி ஓடுபவனை ஆப்பர்ச்சுனிட்டி அட்டாக்கால் வெட்ட முடியாது. பகடையில் 20 விழுந்த அடியை ஷீல்டாலும் தடுக்க முடியாது.

மேசையில் இது எப்படி ஓட வேண்டும் என்று ஒரு ரவுண்டைப் பார்ப்போம். நான்கு கோப்ளின்கள், ஏசி 21. முதல் கோப்ளின் 9, கூட்டலோடு 13, தவறியது. இரண்டாவது 18, கூட்டலோடு 22. “அண்ணே, படுது” என்கிறார் டிஎம். “ஷீல்டு!” என்கிறார் ஆட்டக்காரர். இப்போது ஏசி 26, அந்த அடி தவறியது, ஒரு ஸ்லாட் போயிற்று, ரியாக்‌ஷனும் போயிற்று. மூன்றாவது 17, கூட்டலோடு 21. சாதாரண நேரத்தில் பட்டிருக்கும், ஷீல்டு இன்னும் நிற்பதால் இதுவும் தவறியது. நான்காவது கோப்ளின் இதைப் பார்த்துக்கொண்டே பக்கவாட்டில் ஓடி மந்திரவாதியிடம் போகிறது. எல்ட்ரிச் நைட்டால் தடுக்க முடியாது, ரியாக்‌ஷன் ஏற்கெனவே செலவு. அந்த ஓட்டம்தான் ஷீல்டுக்கு அவர் கொடுத்த விலை. டிஎம் நான்காவது கோப்ளினையும் அங்கேயே நிற்க வைத்து அடித்திருந்தால் விலை வெளியே தெரிந்திருக்காது.

டிஎம் அடியின் மொத்த எண்ணைச் சொல்வதா, “படுது” என்று மட்டும் சொல்வதா? விதி எதையும் கட்டாயமாக்கவில்லை. எண்ணைச் சொன்னால் ஷீல்டு வீணாகவே போகாது. சொல்லாவிட்டால் 27 வந்த அடிக்கும் ஸ்லாட் செலவாகி வீணாகலாம். முதல் நான்கு லெவலுக்கு எண்ணைச் சொல்லிவிடுங்கள், ஸ்லாட் குறைவாக இருக்கும் காலம் அது. ஐந்துக்கு மேல் “படுது” மட்டும் போதும் என்பது எங்கள் பரிந்துரை. ஆனால் ஆட்டம் தொடங்கும் முன்பே சொல்லி வைத்துவிடுங்கள், நடுவில் மாற்றினால் ஏமாற்றியது போல ஆகும்.

ஸ்லாட் தீருகிறதா? விதி சரியாக இருந்தும் அடி விழவில்லை என்றால் அடுத்த சந்தேகம் ஓய்வின் மேல். ஐந்தாம் லெவல் விஸார்டிடம் (மந்திரவாதி) முதல் படி ஸ்லாட் 4, இரண்டாம் படி 3, மூன்றாம் படி 2. எல்ட்ரிச் நைட்டிடம் முதல் படி 3 மட்டும். டிஎம் கையேடு ஒரு நாளுக்கு நடுத்தரம் அல்லது கடினமான சண்டைகள் 6 முதல் 8 வரை என்று கணக்குப் போட்டு இந்த எண்களை வைத்திருக்கிறது. ஞாயிறு மதியம் புதுச்சேரியில் கூடி, மூன்று மணி நேரம் ஆடி, கடலூர்க்காரர்கள் திருப்பாதிரிப்புலியூர் பஸ்ஸைப் பிடிக்க எழுந்துவிடும் குழுவில் ஒரு சண்டைதான் நடக்கும். அடுத்த வாரம் எல்லோரும் “தூங்கி எழுந்து” முழு ஸ்லாட்டோடு வந்தால், ஒவ்வொரு ரவுண்டும் ஷீல்டு போடலாம். திறனில் ஒரு தப்பும் இல்லை, நாள்காட்டியில்தான் தப்பு.

சரிசெய்யும் வழி எளிது. ஆட்டத்துக்குள் நடக்கும் நாளையும் நீங்கள் கூடும் நாளையும் பிரித்துவிடுங்கள். ஒரு நாளை இரண்டு மூன்று ஞாயிறுகளுக்கு இழுங்கள். செலவான ஸ்லாட்டை எழுதி வைக்கச் சொன்னால் மறந்துவிடுவார்கள், அதனால் புளியங்கொட்டை பயன்படுத்துங்கள். ஒரு ஸ்லாட்டுக்கு ஒரு கொட்டை. செலவானது நடுவில் இருக்கும் கிண்ணத்துக்குப் போகும். ஆட்டம் முடியும்போது அவரவர் மிச்சக் கொட்டையைச் சின்னக் கவரில் போட்டுப் பெயர் எழுதி டிஎம் எடுத்துக்கொண்டு போக வேண்டும். இதைச் செய்தாலே பாதிப் புகார் அடங்கிவிடும். 6 முதல் 8 சண்டை உங்களுக்கு நடக்காது, தேவையும் இல்லை. இரண்டு ஞாயிறுகளில் மூன்று சண்டை, இடையில் ஒரே ஒரு சிறு ஓய்வு, இது போதும். பயணம் அதிகமுள்ள கதை என்றால் டிஎம் கையேட்டிலேயே இருக்கும் மாற்று விதியை எடுங்கள்: சிறு ஓய்வு 8 மணி நேரம், ஸ்லாட்டுகளைத் திருப்பித் தரும் பெரிய ஓய்வு 7 நாள்.

எல்லா எதிரியும் ஏசியையே குறிவைக்கிறார்களா? பிளேட் போட்டவரின் டெக்ஸ் பெரும்பாலும் 10-ஐ ஒட்டியே இருக்கும். ஃபயர்பால் மந்திரத்துக்கு அவர் ஏசி தெரியாது. சராசரி 28 சேதம், சேவ் செய்தால் பாதி. ஆளை அசையாமல் நிறுத்தும் ஹோல்டு பெர்சன் மந்திரம் விஸ்டம் சேவைக் கேட்கும். மல்யுத்தப் பிடியும் தள்ளுதலும் 2014 விதியில் அத்லெடிக்ஸ் போட்டி, 2024-ல் சேவ். இரண்டிலும் ஏசிக்கு வேலையில்லை. பிச்சாவரம் மாதிரி ஒரு சதுப்புக்காட்டில் சண்டை வைத்தால், சுரபுன்னை வேர்களுக்கு நடுவே உள்ள சேற்றில் கால் வைப்பவர் டிசி 12 (எட்ட வேண்டிய எண் 12) ஸ்ட்ரெங்த் சேவ் செய்ய வேண்டும், தவறினால் அந்த டர்ன் முழுக்க வேகம் 0 என்று வைக்கலாம். ஆள் அசையாமல் நிற்பார், அடி தாங்குவார், ஆனால் நண்பரைக் காப்பாற்ற ஓட முடியாது.

அளவு முக்கியம். மூன்று எதிரிகளில் ஒருவர் ஏசியைத் தாண்டும் வகையாக இருந்தால் போதும். பாதிக்கு மேல் போனால், ஆட்டக்காரர் இத்தனை லெவலாகச் சேர்த்த ஏசியை நீங்கள் குப்பையில் போட்டதாக ஆகிவிடும்.

## “டிஎம் என்னை அடிக்கறதையே விட்டுட்டாரு”

மேலே சொன்ன பழுதுக்குத் தப்பான மருந்து கொடுத்தால் வருவது இது. அதைவிட மோசமானதும்கூட. அடி விழாதவரை அடித்து என்ன பயன் என்று டிஎம் நினைக்கிறார், எதிரிகள் எல்லோரும் முதல் ரவுண்டிலேயே அவரைச் சுற்றிக்கொண்டு மந்திரவாதியிடம் போகிறார்கள். 44 ஹெச்பியும் ஏசி 21-ம் வைத்திருப்பவரை நான்கு கோப்ளின்கள் வீழ்த்த 11 ரவுண்டு ஆகும். 32 ஹெச்பி, மேஜ் ஆர்மரோடு ஏசி 15 உள்ள விஸார்டை வீழ்த்த மூன்று ரவுண்டுக்குச் சற்று மேல். எதிரிகள் யாரை அடிக்கிறார்கள் என்பதிலேயே குழு பிழைக்குமா இல்லையா என்பது முடிவாகிறது.

எதிரிக்கு என்ன தெரியும் என்று முதலில் கேளுங்கள். ஓநாயின் இன்டெலிஜென்ஸ் 3, ஓகருக்கு 5. இவை எதிரே நிற்பவரைத்தான் அடிக்கும், கடைசி வரை. கோப்ளினுக்கு 10, நம்மைப் போலத்தான். ஆனாலும் கவசத்துக்குள் இருப்பவர் எவ்வளவு கெட்டி என்று அடித்துப் பார்த்தால்தானே தெரியும்? ஆகவே இரண்டு அடி தவறிய பிறகே கோப்ளின் இலக்கை மாற்றட்டும். சண்டையின் மொத்த அடிகளில் பாதியாவது முன்வரிசைக்குப் போக வேண்டும் என்ற கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தவறிய அடியைச் சொல்லும் விதமும் தற்காப்பின் ஒரு பகுதிதான். ஏசி 21-ல் 12 வந்தால் “கவசத்தில் மோதி ஈட்டிமுனை வளைஞ்சுடுச்சு” என்று சொல்லுங்கள். 19, 20 வந்தால் “கேடயத்தின் விளிம்பில் உரசிப் போச்சு, மயிரிழை” என்று சொல்லுங்கள். வெறுமனே “தப்பிச்சுது, அடுத்தவர்” என்று நகர்ந்தால், கேடயம் எடுத்தவர் அந்த மணி முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்ததாகத்தான் நினைப்பார்.

## “முன்னாடி நிக்கறேன், ஆனா யாரையும் நிறுத்த முடியலை”

இந்த ஆட்டத்தில் எதிரியின் கவனத்தைப் பொதுவாக இழுத்துக் கட்டும் விதி கிடையாது. வீடியோ கேம் பழகியவர்கள் இதை எதிர்பார்த்து ஏமாறுகிறார்கள். கிடைக்கும் கருவிகள் சில. சென்டினல் ஃபீட்: ஆப்பர்ச்சுனிட்டி அட்டாக் பட்டால் எதிரியின் வேகம் அந்த டர்னுக்கு 0. புரொடெக்‌ஷன் சண்டைமுறை: 5 அடி தூரத்துக்குள் இருக்கும் நண்பரைத் தாக்கும் அடிக்கு ரியாக்‌ஷனால் டிஸ்அட்வான்டேஜ், கையில் கேடயம் வேண்டும். புனித வீரரான பாலடினின் கம்பெல்டு டூயல் மந்திரம்: போனஸ் ஆக்‌ஷன் (டர்னில் கூடுதலாகச் செய்யும் சிறு செயல்), 30 அடி தூரம், எதிரி விஸ்டம் சேவ் செய்யத் தவறினால் மற்றவர்களைத் தாக்க டிஸ்அட்வான்டேஜ். ஆனால் இது கான்சன்ட்ரேஷன், அதாவது மனதைக் குவித்துத் தாங்க வேண்டிய மந்திரம், அடிபட்டால் கலையலாம். ஒவ்வொரு அடிக்கும் டிசி 10 அல்லது சேதத்தில் பாதி, எது பெரிதோ அதற்கு கான் சேவ்.

கேடயம், வாள் இரண்டையும் பிடித்தவர் மல்யுத்தப் பிடி போட முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு கை காலியாக இருக்க வேண்டும்.

கருவிகளை விட வரைபடம்தான் பெரிய மருந்து. ஒரு கட்டம் 5 அடி. 5 அடி வாசலில் ஒருவர் நின்றால் பகைவனின் கட்டம் வழியாக யாரும் கடக்க முடியாது (உருவ அளவு இரண்டு படி வித்தியாசப்பட்டால் தவிர). 10 அடி வழிக்கு இரண்டு பேர் வேண்டும். 20 அடி திறந்தவெளியில் கேடயம் வெறும் உலோகத் தகடு.

புதுச்சேரியின் பழைய நகரப் பகுதியை மனதில் வைத்து ஒரு நகரம் வரைந்தால் இது கண்ணுக்கு நன்றாகத் தெரியும். தெருக்கள் நேர்நேராக வெட்டிக்கொள்ளும் கட்டம் அது. எந்தத் தெருவை அடைத்தாலும் அடுத்த தெரு வழியாகச் சுற்றி வரலாம், முன்னால் நின்று அடி தாங்கும் டாங்க் ஆட்டக்காரருக்கு அங்கே கஷ்டம்தான். ஆனால் வெள்ளை நகரத்தையும் தமிழர் பகுதியையும் பிரிக்கும் பெரிய வாய்க்காலைச் சேர்த்து, அதன்மேல் இரண்டே பாலம் வையுங்கள், ஒவ்வொன்றும் 10 அடி அகலம். இப்போது எங்கே நிற்பது என்ற முடிவுக்கே உயிர் வந்துவிடும். ஒரு பாலத்தை அடைத்தால் மற்றது திறந்திருக்கும், யாராவது ஓடித்தான் ஆக வேண்டும். சதுப்புக்காட்டு வாய்க்காலில் 5 அடி அகலப் படகு என்றால் நேர் எதிர். எல்லோரும் ஒரே வரிசையில் இருக்க, கிட்டே வந்து அடிக்க நினைப்பவர்கள் அணியத்தில் நிற்பவரைத் தாண்டியாக வேண்டும். முன்வரிசைக்காரர் ராஜாவாக இருப்பார். அடுத்த சண்டையைத் திறந்த மணலில் வைத்துச் சரிக்கட்டுங்கள்.

## “விழறாரு, எழுந்துக்கறாரு, விழறாரு, எழுந்துக்கறாரு”

ஹீலிங் வேர்டு என்ற குணமாக்கும் மந்திரம் ஒரு போனஸ் ஆக்‌ஷன், 60 அடி தூரம், 1டி4 (நான்கு பக்கப் பகடை ஒன்று) + கூட்டல் அளவு ஹெச்பி தரும். 2024-ல் 2டி4. ஹெச்பி பூச்சியத்துக்குக் கீழே போகாது என்பதால், 1 ஹெச்பியில் இருப்பவருக்கு ஓகர் 13 சேதம் கொடுத்தால் 12 வீண். விழுந்த பிறகு 5 ஹெச்பி கொடுத்தால் அவருக்கு ஒரு முழு டர்ன் கிடைத்துவிடுகிறது. விழுவதற்கு முன் க்யூர் வூண்ட்ஸ் போட்டால் கூட்டல் 3-ஓடு சராசரி 7.5 (2014 விதி), ஓகரின் ஒரே அடிக்குக்கூடக் காணாது. கணக்குத் தெரிந்த குழு, விழும்வரை காத்திருக்கும். அவர்கள் மேல் தப்பில்லை.

புதிய விதி எழுதுவதற்கு முன், ஏற்கெனவே இருப்பதை முழுதாக நடத்துங்கள். மயங்கியவர் தரையில் சாய்ந்துவிடுகிறார், கையில் இருப்பது கீழே விழுகிறது. கட்டியிருக்கும் கேடயம் விழாது, வாள் விழும். எழுந்து நிற்கப் பாதி நடை செலவு. கீழே கிடப்பவரை 5 அடிக்குள்ளிருந்து அடிப்பவருக்கு அட்வான்டேஜ் (இரண்டு தடவை உருட்டிப் பெரிய எண்). மயங்கிக் கிடப்பவரை 5 அடிக்குள்ளிருந்து அடித்துப் பட்டால் அது கிரிட்டிக்கல் (சேதப் பகடை இருமடங்கு), டெத் சேவில் (மயங்கியவர் பிழைக்க உருட்டும் வீச்சு) இரண்டு தோல்வி. மூன்று தோல்வியில் பாத்திரம் இறக்கும். ஒரே ஓகர் பக்கத்தில் நின்று இரண்டு தடவை அடித்தால் முடிந்தது. இதை ஆட்டக்காரர்களிடம் முன்கூட்டியே, நேராகச் சொல்லிவிடுங்கள். பசியோடு இருக்கும் மிருகம் விழுந்தவரை இழுத்துக்கொண்டு போகும், கோப்ளின் நின்றுகொண்டிருப்பவரைப் பார்க்கத் திரும்பும். எது எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிந்தால் அவர்களே முன்கூட்டிக் குணப்படுத்தத் தொடங்குவார்கள்.

அதற்கும் அடங்கவில்லை என்றால் எக்ஸாஷன் (களைப்பு நிலைகள்) வையுங்கள். ஒரு நாளில் இரண்டாவது தடவை விழுந்து எழும்போதிலிருந்து, விழுகைக்கு ஒரு நிலை. முதல் விழுகையிலிருந்தே வைப்பவர்கள் உண்டு, அது அதிகம். 2014 விதியில் மூன்றாம் நிலையில் தாக்குதலுக்கும் சேவுக்கும் டிஸ்அட்வான்டேஜ், ஆறில் மரணம், பெரிய ஓய்வுக்கு ஒரு நிலைதான் இறங்கும். முன்வரிசையில் நிற்பவர்தான் அதிகம் விழுவார், தண்டனை முழுக்க அவர் தலையில் விடியும். 2024-ல் நிலைக்கு −2 வீதம் டி20 வீச்சுகளில் கழிவு என்பதால் இந்த வீட்டு விதி அங்கே இன்னும் சீராக ஓடும்.

## “சண்டை ஜவ்வு மாதிரி இழுக்குது”

எதிரிகளின் மொத்த ஹெச்பியைக் குழுவின் ஒரு ரவுண்டு சராசரிச் சேதத்தால் வகுத்துப் பாருங்கள். 3 முதல் 5 வந்தால் நல்லது. 7-க்கு மேல் என்றால் எதிரியின் ஏசியில் 2 குறைத்து, சேதத்தை அதே விகிதத்தில் ஏற்றுங்கள். ஹெச்பியைக் குறைப்பதை விட இது மேல், ஆட்டக்காரர்களின் அடி பட்டுக்கொண்டே இருக்கும். எதிரிகளில் பாதி விழுந்ததும் மிச்சமிருப்பவர்களின் தலைவன் டிசி 10 விஸ்டம் சேவ் செய்யட்டும், தவறினால் ஓடட்டும்.

## “ரேஜ் போட்டும் செத்துட்டேன்”

ரேஜ் என்பது பார்பேரியனின் ஆவேசம், அப்போது ஆயுத அடிகளின் சேதம் பாதியாகும். இந்தப் புகாருக்குக் காரணம் பெரும்பாலும் கூட்டல் கழித்தல் வரிசைத் தப்பு. சேதத்தைப் பாதியாக்கும் இந்த எதிர்ப்புத் திறன் கடைசியில்தான் வரும். முதலில் எல்லாக் கழிவும் போய், பிறகு பாதி, அரையைக் கீழே முழுமையாக்க வேண்டும். இரண்டு எதிர்ப்புகள் சேர்ந்து கால்பங்கு ஆகாது. தற்காலிக ஹெச்பியும் ஒன்றோடொன்று கூடாது, புதியது வந்தால் இரண்டில் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். போன டர்னுக்குப் பிறகு பகைவனைத் தாக்காமலும் அடியும் வாங்காமலும் தன் டர்னை முடித்தால் 2014 ரேஜ் அணைந்துவிடும், தூரத்து வில்லாளியை நோக்கி ஓடும் பார்பேரியன் இதில்தான் மாட்டுகிறார்.

தானும் தன்னை அடிப்பவரும் அட்வான்டேஜ் பெறும் ரெக்லெஸ் அட்டாக் எடுத்தால் அதிகம் அடி வாங்குவோமே என்ற பயத்துக்கு ஒரு கணக்கு. ஓகரின் கூட்டல் +6, ஏசி 15, வாய்ப்பு 60 சதவீதம். ரேஜ் இல்லாமல் நின்றால் அடிக்குச் சராசரி 7.8. ரேஜில் இருந்துகொண்டு ரெக்லெஸ் எடுத்தால் வாய்ப்பு 84 சதவீதம், ஆனால் 13 சேதம் 6 ஆகிறது, சராசரி 5. தைரியமாக எடுக்கலாம்.

## “நாங்களே எழுதின திறன் எல்லாத்தையும் சாப்பிடுது”

சிலம்பம் தெரிந்த பாத்திரம் வேண்டும் என்று இந்தப் பக்கத்தில் யாராவது ஒருவர் கேட்டே தீருவார். கேட்கவும் வேண்டும். கம்பைச் சுழற்றி அடியைத் தடுக்கும் திறனை எழுதும்போது வழக்கமாக வரும் முதல் வரைவு: “ஒவ்வொரு ரவுண்டிலும் முதல் அடிக்கு டிஸ்அட்வான்டேஜ்.” ரியாக்‌ஷன் இல்லை, எண்ணிக்கை வரம்பு இல்லை. ஒரே பெரிய எதிரி ஒரே அடி அடிக்கும் சண்டையில் இது நாள் முழுக்க இலவச ஏசி +5 மாதிரி.

புத்தகத்தில் ஏற்கெனவே இருக்கும் இரண்டை அளவுகோலாக வையுங்கள். டிஃபென்சிவ் டூயலிஸ்ட்: ரியாக்‌ஷன், ஒரே ஒரு கைகலப்பு அடிக்கு ஏசியில் புரொஃபிஷியன்சி போனஸ், அதாவது லெவலோடு ஏறும் தேர்ச்சிக் கூட்டல், கூடும் (1 முதல் 4-ஆம் லெவல் வரை +2, 5 முதல் 8 வரை +3), ஃபினெஸ் ஆயுதம் (டெக்ஸைக் கொண்டும் வீசக்கூடியது) வேண்டும். கம்பு ஃபினெஸ் இல்லை, அதனால்தான் தனித் திறன் தேவைப்படுகிறது. பேட்டில் மாஸ்டரின் பாரி: ரியாக்‌ஷனோடு ஒரு சுப்பீரியாரிட்டி டை (தந்திரங்களுக்கான பகடை) செலவு, 1டி8 + டெக்ஸ் அளவு சேதம் குறையும், சிறு ஓய்வுக்கு நான்கு டை. இவற்றைத் தாண்டாமல் எழுதினால்:

சிலம்பத் தடுப்பு. இரண்டு கைகளாலும் கம்பு பிடித்திருக்கும்போது, கண்ணுக்குத் தெரியும் எதிரியின் கைகலப்பு அடி பட்டால், ரியாக்‌ஷனைச் செலவிட்டு அந்த ஓர் அடிக்கு ஏசியில் புரொஃபிஷியன்சி போனஸைக் கூட்டிக்கொள்ளலாம். அதனால் அடி தவறினால், எதிரியைத் தள்ளாமல் நீங்கள் 5 அடி விலகலாம், ஆப்பர்ச்சுனிட்டி அட்டாக் வராது.

விலகும் அந்த 5 அடி, காலடி வைப்பில் வாழும் கலைக்கு ஏற்ற சுவை. இரண்டு கையும் கம்பில் இருப்பதால் கேடயம் கிடையாது, விலை அங்கேயே கட்டியாயிற்று.

ஆட்டத்தில் விடுவதற்கு முன் தாளில் ஓட்டிப் பாருங்கள். டி20-ஐ 20 தடவை உருட்டி வரிசையாக எழுதுங்கள், ஐந்து ரவுண்டு, ரவுண்டுக்கு நான்கு அடி. அதே 20 எண்களை மூன்று தடவை கணக்கிடுங்கள்: திறன் இல்லாமல், டிஃபென்சிவ் டூயலிஸ்டோடு, உங்கள் திறனோடு. பட்ட அடிகளை எண்ணுங்கள். பிறகு ரவுண்டுக்கு ஒரே அடி, +9 கூட்டல் உள்ள பெரிய எதிரியை வைத்து இன்னொரு 20. உங்கள் திறன் இரண்டாம் வரிசையை விட ஓரிரு அடி கூடுதலாகத் தடுத்தால் பரவாயில்லை. நான்கு ஐந்து என்றால் சிறு ஓய்வுக்குப் புரொஃபிஷியன்சி போனஸ் அளவு தடவைகள் என்று வரம்பு வைத்து மறுபடி ஓட்டுங்கள். திருத்தத்தை ஆட்டத்தின் நடுவில் அறிவிக்க வேண்டாம். அந்த ஞாயிறு பழையபடியே ஓடட்டும், வாரநாளில் அவரிடம் தனியாகத் தாளைக் காட்டிப் பேசுங்கள், பிடிக்கவில்லை என்றால் அந்தத் திறனை வேறொன்றாக மாற்றிக்கொள்ள விடுங்கள்.